பெங்களூருக்குக் குடிபோகும் முன்பே நல்ல சாப்பாட்டைத் தேடி வைப்பது எப்படி?

கேள்வி, நவம்பர் 6

அண்ணா, ஜனவரியில் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்கிறேன். சொந்த ஊர் திருச்சி. பெங்களூரில் சாம்பார் இனிக்கும், வாய்க்கு ருசியாக எதுவும் கிடைக்காது, தமிழ்நாட்டு மெஸ் இருக்கிற ஏரியாவாகப் பார்த்து வீடு எடுத்துவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அங்கே வந்து அலையாமல் இங்கிருந்தே நல்ல கடைகளைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

நவம்பர் 6, இரவு

மெஸ் இருக்கிற தெருவாகப் பார்த்து வீடு எடுக்காதீர்கள் தம்பி. நான் மதுரைக்காரன். இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, தனிக்கட்டையாகவும் இருந்தேன், இப்போது குடும்பத்தோடு இருக்கிறேன். அந்த மெஸ்களில் சமைக்கிறவர் நம் ஊர்க்காரராகத்தான் இருப்பார், ஆனால் அரிசி இங்கே புழங்குகிற சோனா மசூரி பச்சரிசி, காய் இங்கத்துக் காய், சாப்பிட வருகிறவர்களோ தஞ்சாவூரிலிருந்து தூத்துக்குடி வரை கலந்து இருப்பார்கள். எல்லாருக்கும் பொதுவாகச் சமைத்துச் சமைத்து அது எந்த ஊர்ச் சாப்பாடாகவும் இல்லாமல் போய்விடுகிறது. மாதத்தில் நாலு நாள் ஏக்கம் தீரச் சாப்பிடலாம். தினமும் சாப்பிட்டால் வெறுத்துவிடும்.

இந்த ஊர்க்காரர்கள் தினமும் எதைச் சாப்பிடுகிறார்களோ அதைத் தேடுங்கள். அதிலும் காலை டிபன். நல்ல டிபன் கடை ஒன்று வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மதியம் ஆபீஸில் கழிந்துவிடும், இரவுக்கு நாமே ஏதாவது செய்துகொள்ளலாம்.

எப்படித் தேடுவது என்று நாளைக்கு எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

நவம்பர் 7, காலை

முதலில் சாம்பார் கதையை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆமாம், இனிக்கும். இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிற தர்ஷினிகள், அதாவது நின்றுகொண்டே சாப்பிடுகிற சின்ன ஓட்டல்கள், பெரும்பாலும் உடுப்பிச் சமையல் வழியில் வந்தவை. வெல்லம் சேர்ப்பார்கள். அது அவர்கள் சமையல், அதைக் குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது? பிடிக்கவில்லையென்றால் சட்னி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இட்லி வடையை "டிப்" என்று கேட்டால் சாம்பாரில் முக்கியே கொடுப்பார்கள், "செபரேட்" என்றால் தனிக் கிண்ணத்தில் வரும். சங்கரபுரத்தில் இருக்கிற பிராமின்ஸ் காபி பாரில் சாம்பார் என்பதே கிடையாது. 1965-இலிருந்து இட்லி, வடை, காரா பாத் (ரவை உப்புமா), கேசரி பாத் (ரவா கேசரி), காபி, அவ்வளவுதான். தொட்டுக்கொள்ள தேங்காய்ச் சட்னி ஒன்றே ஒன்று, கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அங்கே ஒரு காலை நின்று சாப்பிட்ட பிறகு சாம்பாரைப் பற்றி என்னிடம் பேசுங்கள்.

நவம்பர் 9

சரி, ஊரிலிருந்தபடியே எப்படித் தேடுவது என்பதற்கு வருகிறேன்.

கூகுள் மேப்பில் கடையைத் திறந்தால் எந்த நேரத்தில் எவ்வளவு கூட்டம் என்று கோடு கோடாகக் காட்டும். நட்சத்திர மதிப்பெண்ணை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். செவ்வாய், புதன் காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை கோடு உயர்ந்து நின்றால் அது அக்கம்பக்கத்து ஆட்கள் சாப்பிடுகிற கடை. சனி ஞாயிறு மட்டும் உயர்ந்து, வார நாளில் தரையோடு படுத்திருந்தால் படம் எடுக்க வருகிறவர்கள் கூட்டம். கெட்ட கடை என்று சொல்லவில்லை, ஆனால் தினமும் உங்களுக்குச் சோறு போடப்போகிற கடை அதுவல்ல. நாலைந்து ஏரியாவை வைத்துக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், எங்கே குடும்பங்கள் பழையபடி வாழ்கிறார்கள், எங்கே எல்லாரும் ஆப்பில் ஆர்டர் போட்டு வாழ்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் படங்கள். தோசைப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், விலைப் பலகையின் படத்தைத் தேடிப் பாருங்கள். கன்னடத்தில் எழுதிய பலகை, விலை ஏறின இடத்தில் மட்டும் காகிதம் ஒட்டியிருக்கிறது, பத்துப் பன்னிரண்டு பண்டத்துக்கு மேல் இல்லை என்றால் நம்பிப் போகலாம். இட்லியில் தொடங்கி கோபி மஞ்சூரி, பனீர் பட்டர் மசாலா, நூடுல்ஸ் வரை நாலு பத்தி ஓடுகிறது என்றால் அங்கே இட்லி மேல் யாருக்கும் கவனம் இருக்காது.

விமர்சனங்களைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்துங்கள். கன்னடத்தில் எழுதியதை மொழிபெயர்த்துக் காட்டும், அதைப் படியுங்கள். "இன்று சட்னி நீர்த்துப் போயிருந்தது" என்று சலித்துக்கொள்கிறவர் அடிக்கடி போகிறவர். "சூப்பர்" என்று ஒரு சொல்லோடு ஐந்து நட்சத்திரம் போட்டவரிடமிருந்து தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

நவம்பர் 9, மறுபடியும்

எதைத் தேடுவது என்று சொல்ல விட்டுப்போயிற்று. "நல்ல ரெஸ்டாரன்ட்" என்று தேடினால் விளம்பரம்தான் வரும். தர்ஷினி, மிலிட்டரி ஹோட்டல், கானாவளி, ஐயங்கார் பேக்கரி, நாட்டி ஸ்டைல் (கிராமத்துச் சமையல்), தட்டே இட்லி (தட்டு மாதிரி அகலமான இட்லி), இப்படித் தேடுங்கள். மிலிட்டரி ஹோட்டல் என்றால் அசைவம். ராகி முத்தே (கேழ்வரகு மாவு உருண்டை), தலைக்கறி, கால் சூப், சீரகச் சம்பாவில் புதினா கொத்தமல்லி வாசத்தோடு தொன்னை பிரியாணி. கானாவளி என்றால் வட கர்நாடகச் சாப்பாடு, சோள ரொட்டி. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நவம்பர் 12

"பெயர் வாங்கின கடையெல்லாம் வெறும் விளம்பரம், உள்ளூர்க்காரன் யாரும் போவதில்லை" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். மற்ற ஊருக்கு எப்படியோ, பெங்களூருக்கு இது பொருந்தாது. காந்தி பஜார் வித்யார்த்தி பவன் 1943-இல் தொடங்கியது. ஞாயிறு பத்து மணிக்குப் போனால் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்க வேண்டும், உண்மைதான். வார நாளில் விடிந்ததும் போய்ப் பாருங்கள். லால்பாக்கிலோ பக்கத்துப் பார்க்கிலோ நடந்துவிட்டு வருகிற பெரியவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள், கேட்காமலே அவர்களுக்குக் காபி வரும். சப்ளையர் ஒருவர் ஒரு கையில் தோசைத் தட்டுகளை முழங்கை வரை அடுக்கிக்கொண்டு வருவார். மேசைக்கு மேசை ஒரு தட்டை உருவி வைத்தபடி நடப்பார், ஒரு சொட்டு நெய் சிந்தாது. தோசை நம் ஊர் ரோஸ்ட் மாதிரி மெல்லிசாக இருக்காது, செம்பழுப்பாக, வெளியே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக இருக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துக்கொண்டு போங்கள். லால்பாக் ரோட்டில் எம்.டி.ஆர் திங்கள் விடுமுறை. 1924-லிருந்து நடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ரவையில் இட்லி ஊற்றியது அவர்கள்தான், ரவா இட்லி அப்படி வந்தது என்று சொல்வார்கள்.

மல்லேஸ்வரத்தில் சி.டி.ஆர், வீணா ஸ்டோர்ஸ், இரண்டும் இதே வகைதான். வீணா ஸ்டோர்ஸில் உட்கார இடமே கிடையாது. நடைபாதையில் நின்று சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அடுத்த தெருக்காரர்கள்.

ஆகவே பெயரைப் பார்த்து ஒதுக்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். அந்தக் கடைக்குப் பக்கத்தில் வீடு கிடைக்குமா என்று பாருங்கள்.

நவம்பர் 15

பி.ஜி., அதாவது மாதக் கட்டணத்தில் அறையும் சாப்பாடும் தருகிற விடுதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் மாதம் பி.ஜி.யில்தான் இருப்பேன் என்றால் சரி, ஆனால் பார்க்கப் போகும்போது பகல் பதினொரு மணிக்குப் போகாதீர்கள், அறையும் கட்டிலும்தான் கண்ணில் படும். இரவு எட்டரைக்கு மேல் போய் வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். டெலிவரிப் பையன்கள் வரிசையாக வந்து பொட்டலம் கொடுத்துக்கொண்டே இருந்தால் உள்ளே சாப்பாடு எப்படி என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் வந்த புதிதில் இருந்த பி.ஜி.யில் வாரம் முழுவதும் மெனு தாள் ஒட்டியிருப்பார்கள். தாளில் எந்தக் கிழமைக்கு எதை எழுதியிருந்தாலும் தட்டில் விழுவது ஒரே மஞ்சள் குழம்புதான். வயிறு கெட்டு, மனசும் கெட்டு, "இந்த ஊரே பிடிக்கவில்லை" என்று வீட்டுக்கு போன் பேசின நாட்கள் அவை. ஊரில் ஒரு குறையும் இல்லை, நான் சாப்பிட்ட இடம் அப்படி. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 18

எலெக்ட்ரானிக் சிட்டியில் கண்ணாடிக் கட்டடமும் பீட்சா கடையும் தவிர ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லாமல் இல்லை. கோணப்பன அக்ரஹாரா, தொட்டதோகூரு, ஹெப்பகோடி, இவையெல்லாம் ஊர்கள் தம்பி, கம்பெனிகள் வருவதற்கு முன்பே இருந்த ஊர்கள். மேப்பில் பெரிய ரோட்டை விட்டுவிட்டுப் பழைய கோயிலையும் அரசுப் பள்ளிக்கூடத்தையும் தேடுங்கள். மாரம்மா கோயிலோ பசவண்ணர் கோயிலோ இருக்கும், சுற்றிலும் தெருக்கள் கோணல்மாணலாக, நெருக்கமாக இருக்கும். அதுதான் பழைய ஊர். மதியச் சாப்பாட்டுக் கடை அங்கேதான் இருக்கும். மேஸ்திரிகளும் டெம்போ டிரைவர்களும் பன்னிரண்டரைக்கே வந்துவிடுவார்கள். முத்தேயும் கீரைச் சாறும் (சாறு என்றால் இங்கே குழம்பு), விலை ஆபீஸ் கேன்டீனைவிடக் குறைவு. வைட்ஃபீல்ட், மாரத்தஹள்ளி, பெல்லந்தூர் எங்கே வீடு பார்த்தாலும் இந்த வழி பலிக்கும்.

முத்தேயை மென்று சாப்பிடக் கூடாது. ஒரு கிள்ளு எடுத்து, சாற்றில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். முதல் தடவை தொண்டை மறுக்கும். நாலாவது உருண்டையில் பழகிவிடும்.

நவம்பர் 19

இல்லை, கேழ்வரகுக் களியும் முத்தேயும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. தர்மபுரிக்காரர் சண்டைக்கு வருகிறார். அவர் வீட்டில் நொய்யரிசி போட்டுக் கிண்டுகிறார்கள், இங்கே பெரும்பாலும் மாவு மட்டும். இரண்டும் நன்றாகத்தான் இருக்கும், சண்டை வேண்டாம்.

நவம்பர் 22

பசவனகுடி கடலேகாய் பரிஷேக்கு, அதாவது கடலைக்காய்த் திருவிழாவுக்கு, எப்போது வரலாம் என்று கேட்டவருக்கு: கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கள். ஆனால் நம் கார்த்திகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இங்கே சந்திர மாதம், முன்னால் வந்துவிடும், நாம் தேதி பார்த்துக் கிளம்பினால் எல்லாம் முடிந்து பெருக்கிக்கொண்டிருப்பார்கள். தொட்ட பசவண்ணர் கோயில் ரோடு முழுக்கக் கடலைக்காய் குவித்து வைத்திருப்பார்கள், பச்சை, வறுத்தது, அவித்தது என்று. ஏரியா பார்க்க வருகிறவர்கள் இந்த மாதிரி நாளில் வந்தால் சாப்பாடு நன்றாகக் கிடைக்கும், ஏரியா பற்றி ஒன்றும் தெரியாது. எல்லா நாளும் திருவிழா இல்லையே.

டிசம்பர் 2

கானாவளி. ஹுப்பள்ளி, கதக், விஜயபுரா பக்கத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் இங்கே வேலைக்கு வந்திருக்கிறார்கள், நம்மைப் போலவே. அவர்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடைகளுக்கு வாசலில் பெரிய பலகை கூட இருக்காது. நான் அடிக்கடி போகிற கடையில் அடுப்படி கண்ணெதிரே இருக்கிறது. அந்த அம்மா சோள மாவைக் கொதிநீரில் பிசைந்து, உருண்டையைப் பலகையில் வைத்து, உள்ளங்கையால் தட்டிக்கொண்டே சுற்றுவார். ரொட்டி தானாகவே விரிகிற மாதிரி இருக்கும். கல்லில் போட்டதும் மேலே ஈரத்துணியால் ஒரு ஒற்று, திருப்பி நேராக நெருப்பில், உப்பி எழும்பியதும் தட்டுக்கு வந்துவிடும். கூட எண்ணெய்க் கத்திரிக்காய், முளைகட்டின பயறு, வேர்க்கடலைச் சட்னிப் பொடி. அந்தப் பொடியில் கெட்டித் தயிரை விட்டுக் குழைக்க வேண்டும். ஓரமாகப் பச்சை வெங்காயம், முள்ளங்கி, வெந்தயக் கீரை, எல்லாம் கழுவிப் பச்சையாக. முதல் நாள் கீரையைத் தொடாமல் எழுந்தேன். "அதையும் சாப்பிடு மகனே, உறைப்பு அடங்கும்" என்று கன்னடத்தில் சொல்லி நிற்கவைத்துச் சாப்பிட வைத்தார். இப்போது வீட்டிலும் எங்களுக்கு அப்படித்தான்.

காரம் தேடுகிற தமிழ் நாக்குக்கு இந்த நகரத்தில் முதல் மருந்து கானாவளிதான் என்பது என் முடிவு. இனிப்புச் சாம்பாரைத் திட்டுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது அங்கே போயிருப்பார்கள்?

டிசம்பர் 5

முதல் நாள் மெஸ் வேண்டாம் என்று அடித்துச் சொன்னேன். வயசான அப்பா அம்மாவை அழைத்து வருகிறேன் என்று எழுதியிருக்கிற சகோதரிக்கு அதை அப்படியே சொல்ல மாட்டேன். அறுபது வருஷம் புழுங்கல் அரிசிச் சோறு சாப்பிட்டவர்களுக்குத் தினமும் பச்சரிசி ஒத்துக்கொள்ளாது, மந்தமாக இருக்கிறது என்பார்கள். நீங்கள் ஹலசூரு, மடிவாளா மாதிரி ஏரியாக்களையும் பாருங்கள் அக்கா. ஹலசூருவில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள், கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே. மளிகைக் கடையில் புழுங்கல் அரிசி, நல்லெண்ணெய், வத்தல் எல்லாம் கேட்காமலே இருக்கும். மடிவாளாவில் தமிழ், மலையாளக் கடைகள் நிறைய, ஊர் பஸ்களும் அங்கே நின்று போகும். ஆனால் அங்கேயும் மெஸ்ஸை நம்பி வீடு எடுக்க வேண்டாம், மளிகைக் கடையை நம்பி எடுங்கள். வீட்டில் சமைத்தால்தான் பெரியவர்களுக்குச் சரிப்படும்.

டிசம்பர் 13

ஏரியா பார்க்க வருகிறேன் என்கிறீர்கள், நல்லது. வார நாளில் வாருங்கள். ராத்திரி பஸ் விடியற்காலையில் இறக்கிவிடும், லாட்ஜுக்குப் போகாமல் பையோடு நேராக அந்த ஏரியாவுக்குப் போங்கள். ஆறரை மணிக்கு எந்தக் கடையில் ஸ்டவ் எரிகிறது, யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பால் வாங்கப் பையோடு வந்தவர், பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்ட பிள்ளைக்குச் செட் தோசை பார்சல் வாங்குகிற அப்பா, இவர்கள் நின்றால் அது உங்கள் கடை. காபியை "பை டூ" சொன்னால் இரண்டு டம்ளரில் பிரித்துத் தருவார்கள், பக்கத்தில் நிற்கிறவரோடு பேச்சுக் கொடுக்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

யாரிடமும் "நல்ல ஹோட்டல் எது" என்று கேட்காதீர்கள், ஊரில் பெரிய கடை பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். "நேற்று காலை எங்கே சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். கல்யாணமானவராக இருந்தால் "வீட்டுக்காரம்மா ஊருக்குப் போனால் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள், மனுஷன் உண்மையைச் சொல்லிவிடுவார்.

டிசம்பர் 20

மூன்று இடம் சொல்லியிருக்கிறீர்கள்: ஆபீஸுக்குப் பக்கத்தில் தொட்டதோகூரு, பி.டி.எம் லேஅவுட், ஜெயநகர் தாண்டிப் பனசங்கரி. என் ஓட்டு பனசங்கரிக்கு. முன்பெல்லாம் அங்கிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வா என்று யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன், சில்க் போர்டு சிக்னலிலேயே பாதி ஆயுள் போய்விடும். 2025 ஆகஸ்டில் மஞ்சள் மெட்ரோ திறந்த பிறகு நிலைமை வேறு. பனசங்கரியில் பச்சை லைனில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான ஆர்.வி. ரோட்டில் மாறினால் மஞ்சள் லைன் எலெக்ட்ரானிக் சிட்டிக்கே கொண்டுபோய் விடுகிறது. அந்தப் பச்சை லைனைக் கொஞ்சம் பாருங்கள்: ஜெயநகர், லால்பாக், நேஷனல் காலேஜ், மல்லேஸ்வரத்துக்கு இறங்குகிற சம்பிகே ரோடு. நான் இதுவரை எழுதின பழைய கடைகள் எல்லாம் ஏறக்குறைய அந்தக் கம்பியை ஒட்டித்தான் இருக்கின்றன. நேஷனல் காலேஜில் இறங்கினால் வி.வி. புரம் தின்டி பீதியும் (தின்பண்டக் கடைத் தெரு) காந்தி பஜாரும் நடக்கிற தூரம்.

வாடகை கூடத்தான் இருக்கும். பி.டி.எம்மில் ஆப்பில் தினமும் ஆர்டர் போடுகிற செலவை மாதக் கணக்கில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஜனவரி 11

தம்பி பனசங்கரியில் வீடு எடுத்துவிட்டார், தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். சந்தோஷம். சரியான சமயத்தில்தான் வந்திருக்கிறீர்கள், அவரேக்காய் சீசன். நம் கிருஷ்ணகிரி ஓசூர் பக்கம் பிதுக்கம்பருப்பு என்பார்களே, அதுதான். உப்புமா, அக்கி ரொட்டி, சாறு, மிக்சர் என்று எல்லாவற்றிலும் போடுவார்கள், இந்தச் சமயத்தில் அதற்கென்றே மேளா நடத்துகிற ஊர் இது. பிதுக்கினதை மார்க்கெட்டில் வாங்கினால் தண்ணீரில் போட்டு வைத்திருப்பதை வாங்காதீர்கள், ருசி போயிருக்கும். தோலோடு வாங்கி, ராத்திரி ஊறவைத்து, காலையில் விரலால் அழுத்தினால் வெளியே குதித்துவிடும். தொலி எண்ணெய்ப்பசையோடு வாசமாக இருக்கிற காயாகப் பாருங்கள், அந்தப் பிசுக்கு கையில் ஒட்டினால்தான் நல்ல காய். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறதாக இருந்தால் இரண்டு கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், அம்மாவுக்கு.